பேராக் கடல்துறைகள்
(ஈப்போவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



லுமுட் துறைமுகமும் அதனைச் சூழ்ந்த பார்க்கத்தக்க இடங்களும் என்பது இன்று மாலை பேசும்படி எனக்குப் பணிக்கப்பட்ட பொருள். பள்ளி விடுமுறை வந்ததும் பேருந்து ஒன்றை அமர்த்திக்கொண்டு, புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டி எடுத்துக்கொண்டு, ஈப்போவிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் பிரயாணம் செய்து, தெலுக் பாத்தெக் கடலில் குளித்து, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவது நம்மவர் பலருக்கு நெடுநாளைய வழக்கம். அந்த வழக்கத்தை நான் குறை கூறவில்லை. இருள் பிரியுமுன் எழுந்து பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு ஓடி, நாள் முழுதும் கித்தா என்னும் ரப்பர்க் காட்டில் குனிந்து நிமிர்ந்த ஜனங்கள் ஓய்வு நாளில் கடற்காற்றை நாடிப் போனது முற்றிலும் நியாயமே. ஆயினும், கடலை மட்டும் பார்த்துவிட்டுத் துறைமுகத்தைப் பார்க்காமல் திரும்புகிறோமே என்ற வருத்தம் எனக்கு வெகுநாளாக உண்டு. அதைச் சொல்லவே இந்த அழைப்பை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன்.

ஒரு துறைமுகத்தைப் பார்ப்பதென்றால், அதன் வழியாக வெளியே போனது என்ன, உள்ளே வந்தது என்ன, இரண்டையும் சுமந்த தோள்கள் யாருடையவை என்ற மூன்று கேள்விகளோடு அதைப் பார்ப்பதுதான் என்பது என் அபிப்பிராயம். அப்படிக் கேட்டுக்கொண்டு போகிறவருக்குப் பேராக் கடற்கரையின் ஒவ்வொரு துறையிலிருந்தும் உள்நாட்டை நோக்கி ஒரு பாதை தென்படும். அந்தப் பாதையின் மறுகோடியில் ஈயச் சுரங்கமும், ரப்பர் தோட்டமும், தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களும், லயங்களின் வாசலில் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் நிற்பார்கள்.

முதலில் லுமுட்டையே எடுத்துக்கொள்வோம். டிண்டிங் ஆறு கடலோடு கலக்கும் முகத்தில் அமைந்த சிறு நகரம் அது. எதிரே பங்கோர்த் தீவு நீண்டு படுத்துக் கடலின் வேகத்தைத் தாங்கிக்கொள்வதால், ஆற்று முகத்தில் கப்பல்கள் அச்சமின்றி நங்கூரம் பாய்ச்சலாம். மலேசியக் கடற்படையின் தலைமைத் தளம் இன்று அங்கேதான் இருக்கிறது. படகுத்துறையும் கடலோர நடைபாதையும் கிளிஞ்சல் சாமான் கடைகளும் மாலை நேரத்தில் ரம்மியமானவை. தெலுக் பாத்தெக் மணற்கரையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அக்கரையில் நின்று சற்றே கண்ணை அகல விட்டால், கடலைத் தூர்த்து எழுப்பிய தீவின்மேல் நிலக்கரியால் மின்சாரம் ஆக்கும் மஞ்சோங் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகளைக் காணலாம். தெலுக் ரூபியாவில் பிரேசில் நாட்டு வாலே நிறுவனம் 2014இல் திறந்த இறங்குதுறைக்கு, 400,000 டன் இரும்புத் தாது ஏற்றவல்ல கப்பல்கள் பூமியின் மறுபுறத்திலிருந்து வந்து சேருகின்றன. ஒரு காலத்தில் பூமியைத் தோண்டி ஈயத்தை வெளியே அனுப்பிய நாடு இன்று பிறர் தோண்டிய தாதுவை வாங்கிப் பிரித்து அனுப்பும் நாடாகியிருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல இடம் பேராக்கில் வேறில்லை.

இந்தக் கடற்கரையின் அரசியல் சரித்திரமும் விசித்திரமானதே. பேராக் மாநிலத்தின் ஓர் அங்கமாக நாம் இன்று காணும் லுமுட்டும் பங்கோரும் ஒரு காலத்தில் பேராக்கைச் சேர்ந்தவையாக இல்லை. 1826ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பங்கோர் ஆங்கிலேயரிடம் போயிற்று. 1874இல் கரைப்பகுதியின் எல்லையும் வரையறுக்கப்பட்டு, டிண்டிங்ஸ் பிரதேசம் என்ற பெயரில், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் ஒரு துண்டாகவே அது ஆளப்பட்டது. 1935இல்தான் பேராக் சுல்தானிடம் அது திருப்பி அளிக்கப்பட்டது. கடற்கொள்ளையரை அடக்க ஒரு தளம் வேண்டுமென்று பெற்ற நிலத்தை அவர்கள் ஒரு பெரிய துறைமுகமாக ஆக்கவேயில்லை. ஈயத்தின் வழி வேறு பக்கமாகத் திரும்பிவிட்டது. அந்த வழிக்குப் பிறகு வருகிறேன்.

லுமுட்டிலிருந்து படகேறினால் முக்கால் மணி நேரத்துக்குள் பங்கோர்த் தீவை அடைந்துவிடலாம். தீவின் மேற்குக் கரையில் பாசிர் போகாக், தெலுக் நிப்பா முதலிய மணற்கரைகள் இருக்கின்றன. உல்லாசப் பிரயாணிகள் அங்கே செல்வார்கள். மாலையில் தெலுக் நிப்பாவில் இருவாய்ச்சிப் பறவைகள் கூட்டமாக வந்து மனிதர் கையிலிருந்து பழம் வாங்கித் தின்னும் காட்சி குழந்தைகளுக்கு மறக்க முடியாதது. கிழக்குக் கரை மீனவர்களுடையது. நெத்திலி அவித்து உலர்த்தும் மணம் படகுத்துறையிலேயே நம்மை எதிர்கொள்ளும். நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது அந்தக் கிழக்குக் கரையின் தென்பகுதிக்கு. தெலுக் கெடோங் என்னும் சிற்றூரில், மரங்களின் நடுவே, கூரையிழந்த செங்கற் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதுதான் டச்சுக்காரர் கோட்டை.

1670இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அதைக் கட்டினார்கள். கோட்டை என்ற பெயரைக் கேட்டு வேலூர்க் கோட்டையையும் செஞ்சியையும் மனத்தில் எண்ணிக்கொண்டு போகிறவர் ஏமாறுவார். ஒரு பெரிய வீட்டைவிட மிகுதியான பரப்பு அதற்கில்லை. உண்மையில் அது ஈயக் கிடங்கு. பேராக்கின் ஈயம் முழுவதும் தங்களுக்கே விற்கப்பட வேண்டும், வேறு எந்தக் கப்பலுக்கும் போகலாகாது என்று ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள், அந்த ஒப்பந்தத்தைக் காவல் காக்க எழுப்பிய சுவர் அது. அவ்வழியே 1689ஆம் ஆண்டளவில் வந்த வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி ஒரு சம்பவத்தை எழுதி வைத்திருக்கிறார். கோட்டைத் தலைவர் விருந்தினரோடு இராப்போஜனத்துக்கு அமர்ந்திருந்த வேளையில், மலாய்க்காரர்கள் வருகிறார்கள் என்று ஒரு கூக்குரல் எழ, தலைவர் பலகணி வழியே குதித்துக் கோட்டைக்குள் ஓடினார், உண்ணாத உணவு மேசைமீதே கிடந்தது என்பது அதன் சாரம். அயலான் நிலத்தில் அநியாய விலைக்குப் பொருள் வாங்குகிறவன் நிம்மதியாக ஒரு வேளைச் சோறு உண்ண முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமா? 1690இல் கோட்டை தாக்கி அழிக்கப்பட்டது, 1743இல் மீண்டும் எழுப்பப்பட்டது, 1748இல் கைவிடப்பட்டது. இன்று நாம் காண்பது 1973இல் செப்பனிடப்பட்ட உருவம். அருகே ஒரு பெரும்பாறையில் 1743 என்னும் ஆண்டும், ஒரு குழந்தையைப் புலி கவ்விச் செல்வதாகச் சொல்லப்படும் உருவமும் செதுக்கப்பட்டிருக்கின்றன. காணாமற்போன ஒரு டச்சுக் குழந்தையின் கதையை ஊரார் அந்தப் பாறையோடு சேர்த்துச் சொல்லுவார்கள்.

இந்தச் செங்கற் சுவருக்கும் தமிழர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். பங்கோரில் கோட்டை கட்டுவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1658இல், அதே கம்பெனியார் போர்த்துகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றிக்கொண்டிருந்தார்கள். சோழமண்டலக் கரையில் நெய்த துணியை மலாய் நாட்டுத் துறைகளுக்குக் கொண்டுவந்து கொடுத்து, ஈயமும் மிளகும் மாற்றிக்கொண்டு போவது அவர்களது வியாபாரத்தின் முதுகெலும்பாக இருந்தது. பேராக் ஈயத்தின் விலையில் நம் நாட்டு நெசவாளியின் உழைப்பும் கலந்தே இருந்தது என்று தயங்காமல் சொல்லலாம். அதே நாகப்பட்டினத்தில்தான், இரண்டரை நூற்றாண்டு கழித்து, நம் பாட்டன்மார் ஒரு தகரப் பெட்டியோடு கப்பலேறினார்கள். முன்பு துணி வந்த வழியே பின்பு அதை நெய்த மண்ணின் மக்கள் வந்தார்கள்.

அவர்கள் வருவதற்கு வித்திட்ட காரியமும் இந்தத் தீவின் அருகிலேயே நடந்தது. 1874ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் தேதி, பங்கோர்க் கடலில் நங்கூரமிட்டிருந்த புளூட்டோ என்னும் கப்பலின்மீது, நீரிணைக் குடியேற்றங்களின் கவர்னர் சர் ஆண்ட்ரூ கிளார்க்கும் பேராக் பிரதானிகளும் கூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். சிம்மாசனத்துக்கு உரிமை கோரிய ராஜா அப்துல்லா சுல்தானாக ஏற்றுக்கொள்ளப்பட்டார். அதற்கு ஈடாக, சமயமும் மலாய் வழக்கமும் நீங்கலாக மற்ற எல்லா விஷயங்களிலும் ஆலோசனை கூறும் ஆங்கிலேய ரெசிடெண்டு ஒருவரை அவர் ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆலோசனை என்று எழுதப்பட்டது, அனுபவத்தில் ஆணையாகவே இருந்தது. முதல் ரெசிடெண்டு பர்ச், அடுத்த ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி, பேராக் ஆற்றங்கரையில் பாசிர் சாலாக் கிராமத்தில் கொல்லப்பட்டார். அதன்பின் படைகள் வந்தன. அந்தக் கொலைக்காக மகாராஜா லேலா என்னும் மலாய்ப் பிரதானி தூக்கிலிடப்பட்டார். சுல்தான் அப்துல்லா சீஷெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். 1877இல் ஹியூ லோ ரெசிடெண்டாக வந்தார். அவரது காலத்தில், அதே ஆண்டில், பிரேசிலில் பிறந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து வந்த ரப்பர்க் கன்றுகள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒரு மரத்தை இன்றும் அங்கே போய்ப் பார்க்கலாம்.

அந்தக் கப்பல் தளத்தில் இடப்பட்ட கையெழுத்தால் ரெசிடெண்டு வந்தார். ரெசிடெண்டால் ரப்பர்க் கன்று வந்தது. அந்தக் கன்று தோட்டமானபோது மரத்தில் பால் வெட்ட ஆள் வேண்டியதாயிற்று. கங்காணிகள் தஞ்சைக்கும் திருச்சிக்கும் சேலத்துக்கும் வட ஆர்க்காட்டுக்கும் ஆள் திரட்டப் புறப்பட்டார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும் வரையில் அந்த ஓட்டம் நிற்கவில்லை. ஆகவே பங்கோருக்குப் போகிற தமிழர், மற்றவர்களைப் போல் ஒரு பழைய ராஜரீக ஒப்பந்தத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போகிறார் என்று நான் நினைப்பதில்லை. தாம் ஏன் இந்த நாட்டில் பிறந்தார் என்னும் கேள்விக்கு ஒரு பாதி விடை அந்தக் கடல்மீது எழுதப்பட்டது. பாசிர் சாலாக்கில் இன்று ஒரு சரித்திரக் காட்சிக்கூடம் இருக்கிறது. பங்கோர் யாத்திரையோடு அதையும் சேர்த்துக்கொண்டால் கதை முழுமை பெறும்.

இனி, நம் மக்கள் தாமாகவே விரும்பித் தேடிப் போன ஓரிடத்தைச் சொல்லுகிறேன். பங்கோரின் கிழக்குக் கரையில், சுங்கை பினாங் கெச்சிலில், கடலை நோக்கி அமைந்திருக்கிறது ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயம். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பக்தர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு படகேறி அங்கே வருகிறார்கள். தோட்டங்கள் தழைத்திருந்த நாட்களில், சித்தியவான், ஆயர் தாவார், புருவாஸ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லாரிகளில் நின்றுகொண்டே லுமுட் வந்து சேர்ந்து, பால்குடத்தையும் காவடியையும் நனையாமல் படகில் ஏற்றி, கைப்பிள்ளைகளை மார்போடு அணைத்துக்கொண்டு கடலைக் கடந்த குடும்பங்கள் எத்தனையோ. அந்தக் கூட்டத்தில் நானும் ஒரு சிறுவனாகப் போயிருக்கிறேன். கப்பலில் வந்து இறங்கிய நாளுக்குப் பிறகு கடலையே காணாத கிழவிகள், படகின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தும் பாராமலும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி வருவார்கள். அது பிரார்த்தனை என்று அப்போது நினைத்தேன். ஊரில் விட்டுவந்த தாயையும் தங்கையையும் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார்கள் என்று பின்னால் என் பாட்டி சொல்லி அறிந்தேன். அந்த ஆலயத்தை உல்லாசப் பிரயாண வழிகாட்டிகள் கடற்கரைக் கோவில் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுகின்றன. நாட்டைப் பிரிந்தவர்கள் வருஷத்தில் ஒரு நாள் அந்தக் கடலின் முன் நின்று அழுவதற்கு அது இடம் கொடுத்தது என்பதை நாம்தான் எழுத வேண்டும்.

பங்கோரை விட்டுப் புறப்படுமுன் யுத்தகாலத்து விஷயம் ஒன்று. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில், 1943இல், நீர்மூழ்கிக் கப்பலில் வந்து இக்கடற்கரையில் இரகசியமாக இறங்கிய, படைப்பிரிவு 136 என்னும் பிரிட்டிஷ் இரகசியப் படையைச் சேர்ந்தவர்கள் பங்கோரைத் தொடர்புத் தலமாகக் கொண்டு வேலை செய்தார்கள். அவர்களுள் ஒருவரான லிம் போ செங் பிடிபட்டு, 1944இல் பத்து காஜா சிறையில் உயிர் நீத்தார். மூன்று ஆண்டுக்கும் மேலாக மலேயாக் காட்டில் பதுங்கியிருந்த ஆங்கில அதிகாரி ஸ்பென்சர் சாப்மன் 1945இல் நீர்மூழ்கியேறித் தப்பியது பக்கத்துத் தீவான பங்கோர் லாவுட்டிலிருந்து. இவையெல்லாம் புத்தகங்களில் ஏறிவிட்டன. அதே ஆண்டுகளில் நம் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களின் பெயர்களில் ஏறியவை மிகச் சில. இந்த வித்தியாசம் என் மனத்தை அறுக்கிறது.

லுமுட்டிலிருந்து வடக்கே தைப்பிங் செல்லும் சாலையில் புருவாஸ் என்னும் சிறு நகரம் குறுக்கிடும். கங்கா நகரம் என்ற பழைய ராஜ்யம் அந்தப் பக்கத்தில் இருந்ததாகக் கருதுகிறார்கள். அங்கே ஓர் அருங்காட்சியகமும் உண்டு. செஜாரா மெலாயு என்னும் மலாய் வரலாற்று நூல், ராஜா சூரன் என்பவர் படையெடுத்து வந்து கங்கா நகரத்தை வென்றதாகக் கூற, அந்த ராஜா சூரனே நம் ராஜேந்திர சோழன் என்று சில அறிஞர்கள் எழுதினார்கள். நம் மேடைகளில் இதைக் கேட்டால் கைதட்டல் வானைப் பிளக்கும். ஆனால் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பில் வென்ற ஊர்களை வரிசையாகச் சொல்லும் சோழர் கல்வெட்டில் கடாரம் இருக்கிறது, இலங்காசோகம் இருக்கிறது, கங்கா நகரம் இல்லை. ஆதாரம் எவ்வளவு தூரம் வருகிறதோ அவ்வளவு தூரமே நாமும் போக வேண்டும் என்று இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வென்ற மன்னனின் பெயரைத் தேடிப் போகிறவர்கள், அதே சாலையோரத்தில் நிற்கும் சிறு மாரியம்மன் கோவில்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தோட்டத்துக் கூலியாக வந்து காடு திருத்தியவர்கள் அவற்றை எழுப்பினார்கள் என்பதற்குக் கல்வெட்டு வேண்டாம். நம் குடும்பங்களே போதும்.

இனி, நான் மிகவும் நேசிக்கும் இடத்துக்கு வருகிறேன். தைப்பிங்கிலிருந்து மேற்கே கடலை நோக்கிப் போனால், ஆற்றங்கரையில் மரக்கால்கள்மேல் நிற்கும் சீன மீனவர் குடியிருப்பு ஒன்று வரும். இப்போது கோல செபத்தாங் என்பார்கள். நம் பெரியவர்கள் வாயில் அது போர்ட் வெல்ட். லாரூட் ஈயச் சுரங்கங்களில் எடுத்த ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுவர, தைப்பிங்கிலிருந்து இந்த ஊருக்கு எட்டு மைல் தூரம் இரும்புப் பாதை இடப்பட்டு, 1885ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி திறக்கப்பட்டது. மலாய் நாட்டின் முதல் ரயில் பாதை அதுவே. கவர்னர் பிரெடெரிக் வெல்டு என்பவரின் பெயர் ஊருக்கு வைக்கப்பட்டது. பாதையை இட்டவர்களின் பெயரை யாரும் எந்த ஊருக்கும் வைக்கவில்லை. இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படையினர் சதுப்பில் மண் கொட்டி, கட்டை பரப்பி, தண்டவாளம் பதித்தார்கள். பின்னர் மலாய் நாட்டு ரயில்வே வளர்ந்தபோது, நிலைய அதிபர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் யாழ்ப்பாணத்துத் தமிழர் வந்தார்கள். பாதை பழுது பார்க்கும் கூலிகளாகத் தமிழ்நாட்டுத் தமிழர் வந்தார்கள். மேசையிலும் தமிழன், பாதையிலும் தமிழன் என்று இருந்த நிலையில், இருவருக்கும் இடையே இருந்த தூரம் எட்டு மைலைவிட மிகுதி என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பாதை இன்று இல்லை. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். நிலையம் இருந்த இடத்தில் கடைகள் வந்துவிட்டன. பழைய பயணச்சீட்டுக் கூடமும், ஊர்ப்பெயர்ப் பலகையும் மட்டும் எஞ்சியிருக்கின்றன. அந்தப் பலகையை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழ் எழுத்திலும் அந்த ஊரின் பெயர் அதில் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நம் குழந்தைகளை அங்கே நிறுத்தி, அந்த எழுத்துகளைக் கூட்டிப் படிக்கச் சொல்லி, இந்த நாட்டின் முதல் ரயில் நின்ற இடத்தில் தமிழ் ஏன் எழுதப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். பாடப்புத்தகத்தின் பல பக்கங்கள் செய்யாத வேலையை அந்தக் கேள்வி செய்யும்.

போர்ட் வெல்டைச் சுற்றி மாத்தாங் கண்டல் காடு ஏறக்குறைய 40,000 ஹெக்டர் பரந்து கிடக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே திட்டமிட்டுப் பாதுகாக்கப்பட்டு வரும் வனம் அது. பாக்காவ் என்னும் கண்டல் மரத்தை முப்பது ஆண்டு வளரவிட்டு, இடையில் இருமுறை களைந்து, பின்னர் வெட்டி, வெட்டிய இடத்தில் மீண்டும் நடுவது அங்குள்ள முறை. வெட்டிய மரத்தைப் படகில் ஏற்றிக் கரிச்சூளைகளுக்குக் கொண்டுவருகிறார்கள். செங்கல்லாலும் களிமண்ணாலும் கட்டிய அந்தச் சூளைகள் கவிழ்த்த பெரும்பானை போல் வரிசையாக நிற்கும். உள்ளே மரத்தை நெருக்கமாக நிறுத்தி, வாயிலில் மட்டும் தீ மூட்டி, மரம் எரிந்துபோகாமல் வெப்பத்தால் அதன் நீர் முழுதும் ஆவியாகும்படி விட்டு, பிறகு எல்லாத் துவாரங்களையும் அடைத்து ஆறவைக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். சூளைக்குள் நடப்பதை யாரும் பார்க்க முடியாது. வெளிவரும் புகையின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே அனுபவசாலி, உள்ளே மரம் கரியாகிவிட்டதா என்று தீர்மானிக்கிறார். அந்தக் கரியில் பெரும்பகுதி ஜப்பானுக்குப் போகிறது. அங்கே சூளைப் பணியாளரின் பக்கத்தில் நின்ற பொழுதெல்லாம், தோட்டத்துப் புகைக்கூட்டில் ரப்பர் சீட்டுகளைத் தொங்கவிட்டு, தீ அதிகமானாலும் குறைந்தாலும் சீட்டு கெட்டுவிடும் என்று இரவெல்லாம் விழித்திருந்த நம் கிழவர்களை நினைத்துக்கொள்வேன். அவர்களுடைய அறிவும் இத்தகையதே. அவர்களிடம் யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. இரவு தங்க வசதியுள்ளவர்கள் ஆற்றில் படகேறினால், கரையோர மரங்களில் மின்மினிகள் கூட்டங்கூட்டமாக ஒளிவிடுவதையும் கண்டு திரும்பலாம்.

தைப்பிங்கைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. ஈயம் தோண்டிய பள்ளங்களை 1880இல் ஏரிப் பூங்காவாக மாற்றிய அழகையும், 1883இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகத்தையும் அறியாதவர் இங்கே இருக்க மாட்டார்கள். யுத்தக் கல்லறைக்கும் ஒருமுறை போங்கள். இந்தியப் படையினரும் அங்கே துயில்கிறார்கள்.

தெற்குத் துறையான தெலுக் இந்தானுக்கு வருவோம். 1982 வரை அதன் பெயர் தெலுக்கான்சன். கடிகாரத்தோடு கூடிய சாய்ந்த கோபுரத்தை 1885இல் லியோங் சூன் சோங் என்ற ஒப்பந்தக்காரர் கட்டினார். வெளியே எட்டடுக்குப் போலத் தோன்றும்; உள்ளே மூன்றே தளங்கள். ஊருக்குத் தண்ணீர் தர மேலே தொட்டி வைத்தார்கள். தண்ணீரின் பாரத்தை ஆற்றோர மெல்லிய மண் தாங்கவில்லை. அந்தக் கோபுரத்தைவிட எனக்கு முக்கியமாகப்படுவது அந்த ஊரின் பழைய ரயில் பாதை. தாப்பா ரோட்டிலிருந்து 1893இல் அது வந்தது. அதற்குச் சற்றுப் பின்னர் ஈப்போவும் அதனோடு இணைந்தது. நாம் இப்போது கூடியிருக்கும் இந்தக் கிந்தா சமவெளியின் ஈயம் கடலைக் கண்டது அந்தத் துறையில்தான். பின்னர் பிரதான ரயில் பாதை பினாங்கையும் கிள்ளானையும் இணைத்தபோது சரக்கு அங்கே போயிற்று. தெலுக்கான்சன் அமைதியான ஊராகிவிட்டது. ஆயினும் சுற்றிலும் தோட்டங்கள் இருந்தன. பாகான் டத்தோ தென்னந்தோட்டங்களும், டென்மார்க்கைச் சேர்ந்த வெஸ்டென்ஹோல்ஸ் என்ற பொறியாளர் 1906இல் தொடங்கிய ஜெண்டராத்தா தோட்டமும் அவற்றுள் அடங்கியவை. அந்தத் தோட்டங்களில் ஊறிய தமிழ் வாழ்வைக் காண விரும்புவோர், சித்ரா பௌர்ணமியன்று தெலுக் இந்தான் தண்டாயுதபாணி ஆலயத்துக்குப் போக வேண்டும். நகரத்தார் எழுப்பிய ஆலயம் அது. தேரின் பின்னே நடக்கும் கூட்டம் தோட்டப்புறத்தின் கூட்டம்.

இந்தத் துறைகளுக்குச் செல்லும் சாலைகளின் இருமருங்கிலும் முன்பு கித்தா மரங்கள் வரிசையாக நிற்கும். இன்று செம்பனை நிற்கிறது. பல இடங்களில் அதுவும் போய் வீடமைப்புத் திட்டங்கள் நிற்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். அந்த முயற்சி காப்பாற்றியவை போக, மற்றத் தோட்டங்களின் ஜனங்கள் சிதறிப் போனார்கள். லயம் இடிந்தது, குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை இடிந்தது, பெரட்டுக் களத்தில் புல் முளைத்தது. துறைமுகம் பிழைத்துக்கொண்டது, ஈயம் போனால் ரப்பர், ரப்பர் போனால் நிலக்கரி, பிறகு இரும்புத் தாது. தோட்டத்துக்கு அப்படி ஒரு மறுபிறவி கிடைக்கவில்லை.

ஆகையால் என் வேண்டுகோள் இது. தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களே, அடுத்த சுற்றுலாவுக்கு லுமுட்டைத் தேர்ந்தெடுத்தால், தெலுக் பாத்தெக் குளியலுக்கு அரை நாள் விட்டு, மீதி அரை நாளைப் பங்கோர்க் கோட்டைக்குக் கொடுங்கள். மற்றோர் ஆண்டில் போர்ட் வெல்டுக்கும் கரிச்சூளைக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஆலயக் குழுவினரே, மாசி மகத்துக்குப் பேருந்து அமர்த்தும்போது, பால் வெட்டிய கையையுடைய பெரியவர்களுக்கு முன்வரிசையில் இடம் கொடுத்து, பக்கத்தில் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையை உட்காரவையுங்கள். எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, எந்தக் கப்பல், ஊரில் எந்தக் கிராமம் என்று போகும் வழியிலேயே கேட்டு எழுதிக்கொள்ளட்டும். எழுதியதை ஒரு நோட்டில் திருத்தமாகப் பிரதி செய்து ஆலயத்திலும் பள்ளி நூலகத்திலும் ஒவ்வொரு பிரதி வையுங்கள். சொல்லக்கூடிய பெரியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள். அடுத்த மாசி மகத்திலேயே இந்தக் காரியத்தைத் தொடங்கிவிடுங்கள்.